கருவியை உடையாமல் பேணுதல்

ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முட்டிவலி மட்டும் வீட்டில் தனி ஆளாகக் குடியிருக்கிறது. காலையில் எழுந்ததும் அதைத்தான் முதலில் நலம் விசாரிக்கிறோம். நீ, அத்தான், வாலு எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? வாலு ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள், அதுவும் உன் வகுப்புக்கே என்று கேள்விப்பட்டேன். பாவம் என்று அம்மா சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். கல்லையும் மண்ணையும் படித்துவிட்டு இந்தப் பாடநூல் அலுவலகத்தில் காகிதத்தோடு மாரடிக்கிறேனே, அதற்கு ஒருவழியாகப் பலன் கிடைக்கும்போல் இருக்கிறது. 'நிலம்' பாடத்தைப் புதிதாக எழுதியிருக்கிறேன். வரையறு, வகைப்படுத்து, படம் வரைந்து பாகம் குறி என்ற எதுவும் அதில் இல்லை. ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள நிலத்தில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஆண்டு முழுக்கக் கவனிக்க வேண்டும். ஓடைக்கரை, கிணற்று நீர்மட்டம், சுவரில் விரிசல், எதுவானாலும் சரி. சில பள்ளிகளில் நடத்திப் பார்த்து, சரியாக வந்தால் புதுப் புத்தகத்தில் சேர்ப்பார்கள். வராவிட்டால் பழைய பாடமே இன்னும் பத்து வருஷத்துக்கு ஓடும். உன் பள்ளியின் பெயரைக் கேட்காமலே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தாள்களை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். கடைசித் தாள் மதிப்பெண் முறை. மதிப்பெண் இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் மதிக்க மாட்டார்கள் என்று எங்கள் அதிகாரி பிடிவாதம் பிடித்தார். நாங்கள் அவரைச் சிவப்புப் பேனா என்றுதான் சொல்வோம். அவர் மேஜையிலேயே, டீ ஆறுவதற்குள் நாலு வரி எழுதிக் கொடுத்தேன். அதை வகுப்புக் கதவில் ஒட்டிவிடு, போதும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். எல்லோரும் நலம். உன் அத்தானுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை அதிகம், வீட்டுக்கு வரும்போது பாதி கிரீஸும் பாதி மனிதனுமாக வருகிறார். அம்மாவை முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு நடக்கச் சொல். படுத்தே கிடந்தால் முட்டி மட்டுமா பிடிக்கும்?

கேட்காமல் பெயரைக் கொடுத்தாய் அல்லவா, நேரில் வரும்போது காதைத் திருகிக்கொள்கிறேன். ஆனால் உன் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு வெளியே கையெட்டும் தூரத்தில் மலை நிற்கிறது. பிள்ளைகள் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து 'மலைச்சரிவு என்றால் என்ன' என்று மனப்பாடம் செய்கிறார்கள். இத்தனை வருஷமாக ஒரு பிள்ளைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. நானும் திரும்பச் சொன்னதில்லை.

எதைக் கவனிப்பது என்று நான் அதிகம் யோசிக்கவில்லை. எங்கள் லேப், பள்ளியின் பின்கட்டில், மலையை வெட்டிய இடத்தில் இருக்கிறது. அதன் பின்சுவரில் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு விரிசல் ஏறுகிறது. எனக்கு அதன்மேல் நெடுநாளாகச் சந்தேகம். எச்.எம். பழுதுபார்க்கச் சொல்லி எழுதிக்கொண்டே இருக்கிறார், ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆகவே விரிசலையே எடுத்துக்கொண்டோம். நீ எழுதியபடி, மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் பிளாஸ்டர் மாவால் ஒட்டிவிட்டோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும், நகராவிட்டால் முழுசாக இருக்கும். படத்துக்குச் சட்டம் போடும் கடைக்காரர் கழிவுத் துண்டுகளை வெட்டிக் கொடுத்தார். பிள்ளைகள் வாலுவைத் தலைவியாக்கிவிட்டார்கள். நான் வாயே திறக்கவில்லை, நம்பு. உன் மதிப்பெண் தாளையும் லேப் கதவில் ஒட்டியாயிற்று.

மழைக்கு முன்னால் ஆரம்பித்தது நல்லதாயிற்று. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் ஜலதோஷம், அதைத் தவிர குறையில்லை. உன் கடிதம் எதுவும் வரவில்லை. தபால்காரர் மழையில் நனைந்து வந்து, 'உங்க தம்பி எழுதலைன்னா நான் என்ன பண்ணட்டும் டீச்சர்?' என்று என்னைக் கோபித்துக்கொள்கிறார். அம்மாவின் முட்டி எப்படி?

மழை விடாமல் பெய்கிறது. முதல் வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் லேப்பில் உட்கார்ந்திருக்கும்போது ஒரு கண் புத்தகத்தில், ஒரு கண் சுவரில். ஆனால் கண்ணாடி உடையவில்லை. ஒவ்வொரு திங்களும் குழுவாகப் போய்ப் பார்க்கிறார்கள், ஒவ்வொரு திங்களும் முழுசாக இருக்கிறது. துண்டும் பிளாஸ்டரும் நேற்று வைத்ததுபோல் பளிச்சென்று இருக்கின்றன. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு சுத்தக்காரர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று. அந்த விரிசலை இத்தனை காலம் வீணாகச் சந்தேகப்பட்டேனோ என்றுகூடத் தோன்றுகிறது. இப்போதெல்லாம் கொஞ்சம் தூங்குகிறேன்.

இன்னொன்றைச் சொல்ல வேண்டும். பிள்ளைகள் மாறியிருக்கிறார்கள். பள்ளிக்கு வரும் வழியில் சாய்ந்த கம்பத்தைப் பார்க்கிறார்கள். மேட்டில் புதிதாகத் தண்ணீர் கசிகிறது என்று ஓடிவந்து சொல்கிறார்கள். வாலு விடிந்ததும் லேப்புக்குக் காவல் போய்விடுகிறாள். 'மாமா பாடம்' என்றுதான் பேச்சு. கணக்குப் பாடத்தில் இந்த அக்கறையில் கால்வாசி காட்டினால் நான் நிம்மதியாகக் கண்ணை மூடுவேன்.

வீட்டில் ஒரு சின்னக் குழப்பம். அப்பா போட்டோவின் கண்ணாடியைக் காணவில்லை. உடைந்த சில்லுகூட இல்லை, சட்டமும் படமும் மட்டும் மாட்டியபடி இருக்கின்றன. கேட்டால் யாரும் வாய் திறக்கவில்லை. அப்பா ஏற்கெனவே போட்டோக்காரனை முறைக்கிற மாதிரி இருப்பார், இப்போது கண்ணாடியும் இல்லாமல் நேராக என்னையே முறைக்கிறார்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 19

அன்புள்ள அக்காவுக்கு,

வேலை நெருக்கடியில் எழுத முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அம்மா நடக்கிறாள். நீ சொன்னதாகச் சொன்னேன், 'அவளுக்கென்ன, அங்கேருந்து அதிகாரம்' என்றாள். ஆனாலும் நடக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கும் மூச்சு வந்தது. கண்ணாடி உடையவில்லை என்பது உறுதிதானே? மழை தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட உடையவில்லையா? நீயே கண்ணால் பார்த்தாயா, பிள்ளைகள் சொன்னதா? சும்மாதான் கேட்கிறேன், வேறொன்றும் இல்லை. அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது.

மற்றப் பள்ளிகளில் சிலர் பாடத்தைத் தொடவே இல்லை. உன்னுடையதுதான் முழுமையாக நடக்கிறது. சிவப்புப் பேனாவே ஒரு வார்த்தை பாராட்டினார். வாலுவிடம் சொல், மாமாவின் மானம் அவள் கையில் இருக்கிறது என்று.

தம்பி


செப்டம்பர் 7

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் அன்பு. எங்கள் ஜலதோஷம் போய்விட்டது. நீ சொன்னதை வாலுவிடம் அப்படியே சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், முகம் சுண்டிப்போய்ப் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டாள். வயசு அப்படி.

ஒரே கடிதத்தில் மூன்று முறை கேட்டுவிட்டுச் சும்மா கேட்டேன் என்கிறாய். சின்ன வயதில் நீ எதையாவது உடைத்துவிட்டு, 'அக்கா, அந்த ஜாடி நல்லாதானே இருக்கு?' என்று கேட்பாயே, அதே குரல் கேட்கிறது. கண்ணாடி முழுசாக இருக்கிறது. நானே பார்த்தேன். போதுமா?

ஆனால் எனக்குத்தான் போதவில்லை. லேப் கதவு இப்போது சாத்த வரவில்லை. மேல் மூலை நிலையில் இடிக்கிறது. மழையில் மரம் ஊதியிருக்கும் என்று உன் அத்தான் இழைத்துக் கொடுத்தார். மறுவாரமே மறுபடி இடிக்கிறது. பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் முன்பு என் விரல் நுழையாது, இப்போது நுழைகிறது. எதை நம்புவது என்று தெரியவில்லை. கதவு ஒன்று சொல்கிறது, கண்ணாடி ஒன்று சொல்கிறது. படித்தவள் கண்ணாடியைத்தான் நம்ப வேண்டும் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

எச்.எம். முந்தாநாள் ஒரு காகிதத்தைக் காட்டினார். நாங்கள் பழுதுபார்க்கச் சொல்லி அனுப்பிய விண்ணப்பத்தை மூடிவிட்டார்களாம். சுவரில் அசைவு இல்லை என்று உறுதியாகியிருக்கிறதாம். யார் வந்து உறுதி செய்தார்கள் என்று கேட்டேன். 'மேலிடமே சொல்லிட்டாங்க டீச்சர், அப்புறம் நமக்கென்ன?' என்றார். ஒருத்தரும் வரவில்லை, அது எனக்குத் தெரியும். உன் அலுவலகமும் அந்த மேலிடம் இருக்கிற கட்டடத்தில்தானே இருக்கிறது? உனக்கு ஏதாவது தெரிந்தால் எழுது.

அக்கா


செப்டம்பர் 29

தம்பிக்கு,

உன் பதில் இல்லை. காத்திருக்க எனக்கு நேரமும் இல்லை. பள்ளி டெலிபோன் எச்.எம். மேஜையில் இருக்கிறது, அதில் இதைப் பேச முடியாது. நிதானமாகப் படி.

சனிக்கிழமை அப்பா போட்டோவை எடுத்துக்கொண்டு சட்டம் போடும் கடைக்குப் போனேன். கடைக்காரர் அளவெடுத்துக்கொண்டே, 'உங்க பொண்ணு இப்ப வர்றதில்லையே, சோதனை முடிஞ்சிட்டுதா?' என்றார். எந்தச் சோதனை என்றேன். 'மெலிசா துண்டு வெட்டிக் கேட்டு வருமே. மழை ஆரம்பிச்சதுலேருந்து எத்தனை தடவை வெட்டிக் குடுத்திருப்பேன். நடுவுல கண்ணாடி தீர்ந்துபோச்சு, லோடு வரலைன்னு திருப்பி அனுப்பிட்டேன். பாவம், முகமே செத்துப்போச்சு அதுக்கு' என்றார்.

நான் ஒட்டியது ஒரே ஒரு துண்டு, ஜூனில். கடையிலேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து வாலுவைக் கூப்பிட்டேன். போட்டோ சட்டத்தை மேஜையில் வைத்தேன். சட்டத்தைப் பார்த்ததும் அழ ஆரம்பித்துவிட்டாள். 'உடைஞ்சிக்கிட்டே இருந்துதும்மா. நாங்க சரியாதான் ஒட்டினோம். எப்படி ஒட்டினாலும் உடைஞ்சிது. திங்கக்கிழமை நீ வந்து பாக்கறதுக்குள்ள மாத்திடுவோம்.'

'ஏண்டி என்கிட்ட சொல்லலை?'

'மார்க் போயிடும்மா. எங்க குரூப்புக்கு மட்டும் இல்ல, எல்லா குரூப்புக்கும். அப்புறம் மாமா பாடம் தோத்துப்போயிடும். நாங்க நல்லா செய்யலைன்னு மாமா நினைச்சுப்பாரு.'

கண்ணாடி உடைவதுதான் விடை என்று அவளுக்குப் புரியாமல் இல்லை. வகுப்பில் நான் சொன்னதை வரி பிசகாமல் ஒப்பித்தாள். அது பரீட்சைக்கு என்று நினைத்துக்கொண்டாள். இது மார்க்குக்கு. இரண்டையும் அவள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நாம் எந்தக் காலத்தில் சேர்த்துக் காட்டினோம்?

ஞாயிற்றுக்கிழமையே பள்ளிக்குப் போனேன். லேப் கதவில் நானே ஒட்டிய உன் தாளை மறுபடி படித்தேன். மூன்றாவது வரி: 'கருவியை உடையாமல் பேணுதல் – 5 மதிப்பெண்.' இதைப் பற்றி நான் வேறெதுவும் எழுதப்போவதில்லை.

திங்களிலிருந்து லேப் வகுப்பைச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு மாற்றிவிட்டேன். எச்.எம். சம்மதிக்கவில்லை. சுவர் அசையவில்லை என்று காகிதம் இருக்கிறதாம். உன் அலுவலகத்தில் யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல். எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் காட்டாதே.

அக்கா


அக்டோபர் 9

அக்கா,

கடிதம் கிடைத்தது. பிள்ளைகளை உள்ளே விடாதே. மற்றதைப் பிறகு எழுதுகிறேன். அம்மா நலம்.

தம்பி


அக்டோபர் 19

தம்பிக்கு,

'பிறகு' என்றால் எப்போது? இங்கே பிறகு என்ற ஒன்று இருக்கிறதா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன், நீ இரண்டு வரி எழுதி அனுப்புகிறாய். உனக்கு உடம்புக்கு ஏதாவதா? சாப்பிடுகிறாயா?

எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்துவிட்டது. அனுமதி இல்லாமல் வகுப்பறையை மாற்றினேனாம், பீதியைக் கிளப்பினேனாம். பெற்றோர்கள் முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் சிரிக்கிறார்கள். 'டீச்சர், சுவரு இன்னும் நிக்குதே' என்று காய்கறிக் கடையில் ஒருத்தி கேட்டாள். நிற்கிறது, நான் என்ன செய்ய? வருகிற திங்கட்கிழமை எல்லாப் பிள்ளைகளும் லேப்பில் இருக்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. இல்லையென்றால் என்னை வேறு ஊருக்குத் தூக்கிவிடுவார்கள். தூக்கட்டும். ஆனால் நான் போனால் வேறொருத்தர் வந்து பிள்ளைகளை உள்ளே உட்கார வைப்பார்.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தச் சுவர் விழுந்துவிட்டால் தேவலை என்று காலையில் பல் தேய்க்கும்போது நினைத்தேன். நினைத்துவிட்டு அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு என்ன ஆயிற்று?

வாலு என்னோடு பேசுவதில்லை. திட்டியிருந்தால்கூடப் பேசியிருப்பாள். நான் திட்டவில்லை. பள்ளிக்குப் போகிறாள், வருகிறாள், அப்பா போட்டோ பக்கம் திரும்புவதே இல்லை.

நீ எதையோ மறைக்கிறாய். ஜாடி விஷயத்தில் எப்படிக் கண்டுபிடித்தேனோ அப்படித்தான் இதிலும். சீக்கிரம் சொல்லிவிடு.

அக்கா


அக்டோபர் 24

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. சாப்பிடுகிறேன், அம்மா விடமாட்டாள்.

நீ கண்டுபிடித்தது சரி. உன் எச்.எம்மின் விண்ணப்பம் ஆகஸ்டில் கட்டடப் பிரிவுக்கு வந்தது. அந்தப் பள்ளியில் உங்கள் சோதனைதானே நடக்கிறது, சுவர் அசைகிறதா என்று எங்களைக் கேட்டார்கள். சிவப்புப் பேனா என்னைக் கேட்டார். உன் கடிதத்தை வைத்துக்கொண்டு 'அசைவு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். உன்னைத் திரும்பத் திரும்பக் கேட்டது அதற்குத்தான். உன் பதில் வருவதற்குள் காகிதம் போய்விட்டது. ஒருத்தரும் வந்து பார்க்காததற்குக் காரணம் நான்.

உன் கடிதம் வந்த அன்றே அதை எடுத்துக்கொண்டு ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. சோதனை தவறிவிட்டது என்று சொன்னால் பாடம் போய்விடும். அதற்காக எத்தனை வருஷம் மல்லாடினேன் என்று உனக்குத் தெரியும். சுவர் நிற்கத்தான் செய்யும், பொறியாளரைத் தனியாக அனுப்பச் சொல்லலாம், யாரையாவது பிடிக்கலாம் என்று நாளைத் தள்ளினேன். உன் மகள் கண்ணாடியை மாற்றி வைத்தாள். நானும் அதையேதான் செய்துகொண்டிருந்தேன்.

உன் கடைசிக் கடிதத்தைப் படித்துவிட்டு நேராகச் சிவப்புப் பேனாவின் அறைக்குப் போனேன். என் அறிக்கை தவறு என்று எழுதி மேஜையில் வைத்தேன். வெகுநேரம் படித்தார். 'இது வெளியே போனா உன் பாடம் புத்தகத்துல வராது, தெரியுமில்ல?' என்றார். தெரியும் என்றேன். பொறியாளரை அனுப்பும் உத்தரவில் கையெழுத்துப் போட்டார். திங்களுக்குள் அவர் வந்து சேர்வாரா என்று தெரியவில்லை. வராவிட்டாலும் பிள்ளைகளை உள்ளே விடாதே. உன் எச்.எம்மிடம் என் பெயரைச் சொல், என்னைத் திட்டிக்கொள்ளட்டும்.

வாலுவிடம் இதைப் படித்துக் காட்டு: அன்பு மருமகளே, அந்த மூன்றாவது வரியை எழுதியது உன் மாமா. கண்ணாடி உடைந்தால் பாடம் தோற்கவில்லை, பாடம் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை நான்தான் தாளில் எழுதியிருக்க வேண்டும். நீ ஒன்றும் தவறு செய்யவில்லை. நான் கேட்டதைச் செய்தாய்.

தம்பி


நவம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் இருக்கிறோம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதம் அந்தத் திங்கட்கிழமை தாண்டித்தான் வந்தது. ஆகவே அன்றைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. சனிக்கிழமை பிடித்த மழை. காலையில் எச்.எம். லேப் வாசலில் குடையோடு நின்றார். 'டீச்சர், மேலேருந்து ஆர்டர். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க' என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஓய்வுபெற ஒரு வருஷம் இருக்கிறது, அவ்வளவுதான்.

'உள்ள போறோம் சார். ஒரே ஒரு துண்டு கண்ணாடி ஒட்டிட்டுப் போறோம். கொஞ்ச நேரம் வராந்தாவில நின்னு பாப்போம். முழுசா இருந்தா நானே முதல்ல போய் உட்காருறேன்' என்றேன். வாக்குவாதத்தைவிட இது மேல் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டினார். விரிசல் இப்போது பக்கச் சுவரைச் சுற்றிக் கதவுக்கு மேலேயே வந்துவிட்டது. பெஞ்சில் ஏறி நானே ஒட்டினேன். பிள்ளைகள் வராந்தாவில் நின்றார்கள். எச்.எம். நாற்காலி போட்டு வாசலிலேயே உட்கார்ந்தார். பிளாஸ்டர் பாதி என் சேலையில் விழுந்துவிட்டது.

மதிய மணிக்கு முன்னால் வாலுவின் குரல். இத்தனை நாள் என்னிடமே பேசாதவள்.

'சார், கண்ணாடி உடைஞ்சிருக்கு.'

எச்.எம். நிமிர்ந்தார். 'நல்லாப் பாரும்மா. தூசியா இருக்கும், கோடு மாதிரி தெரியும்.'

'இல்ல சார். உடைஞ்சிருக்கு. இதுக்கு முன்னாடியும் நிறைய தடவை உடைஞ்சது. நாங்கதான் சொல்லாம மாத்தி வச்சோம். நான்தான் லீடர்.'

எச்.எம். எழுந்து துண்டின் அருகே போய்த் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார். பிறகு திரும்பி, 'எல்லாரும் கீழ இறங்குங்க. ஓட வேணாம், வரிசையாப் போங்க' என்றார். அவரே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கடைசியாக வந்தார். படியில் என்னிடம், 'மூணு தடவை எழுதிப்போட்டேன் டீச்சர். ஒண்ணும் இல்லைன்னு மேலேருந்து சொன்னதும் நானே நம்பிட்டேன்' என்றார்.

மறுநாள் பொறியாளர் வந்தார். பீரோவை நகர்த்தச் சொன்னவர், பின்னால் பார்த்ததும் நகர்த்த வேண்டாம் என்றுவிட்டார். பின்கட்டு முழுக்கப் பூட்டி முத்திரை வைத்தாயிற்று.

உன் கடிதத்தை வாலுவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, 'மாமாவும் பயந்துட்டாரா?' என்றாள். ஆமாம் என்றேன். அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டாள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நிறைய இருக்கிறது. ஆறுவதற்கு நாளாகும். ஆனால் நீ போய்ச் சொன்னாய், அதுவும் நினைவிருக்கிறது. அம்மாவுக்குச் சொல்லிவிட்டாயா?

அக்கா


நவம்பர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவிடம் சொன்னேன். முட்டிவலியை மறந்து எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

பாடம் புதுப் புத்தகத்தில் வரவில்லை. பழையதே அச்சுக்குப் போய்விட்டது. கூட்டம் முடிந்ததும் சிவப்புப் பேனா என் மேஜைக்கு வந்தார். 'அந்த மூணாவது வரி யார் எழுதினது?' என்றார். நான்தான் என்றேன். 'மார்க் வேணும்னு உன்னை உட்கார வச்சு எழுத வச்சது நான்' என்றார். அடுத்த வருஷம் மறுபடி நடத்திப் பார்க்கலாம், தாளை முதலிலிருந்து எழுது என்றிருக்கிறார். அவரை நம்பலாமா என்று தெரியவில்லை. எழுத ஆரம்பித்திருக்கிறேன்.

ஒரு தொல்லை. இந்தச் சோதனையின் கோப்பை மூட வேண்டும் என்றால் உன் வகுப்பின் மதிப்பெண் பட்டியல் வேண்டுமாம். பழைய தாளின்படி, நாலு தலைப்பிலும் போட்டு அனுப்ப வேண்டும். கேட்கவே எனக்குக் கூசுகிறது. எல்லோருக்கும் ஐந்தைப் போட்டு அனுப்பிவிடு அக்கா, யாரும் பார்க்கப்போவதில்லை.

தம்பி


டிசம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் அன்பு உனக்கும் அம்மாவுக்கும். நாங்கள் சுகம். நேற்று எழுதியிருந்தால் இப்படி நிதானமாக எழுதியிருக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை பிற்பகல், மழைகூட விட்டிருந்தது, லேப் இறங்கிவிட்டது. பின்சுவர் முதலில் சாய்ந்தது, கூரை அதன்மேல் உட்கார்ந்தது. பெரிய சத்தம் எல்லாம் இல்லை. மூட்டை சரிகிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் புழுதி. பீரோ, பெஞ்சுகள், உன் தாள் ஒட்டிய கதவு எல்லாம் மண்ணுக்குள் போயிற்று. சாப்பாட்டுக் கொட்டகையில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். கால அட்டவணைப்படி அது எங்கள் லேப் நேரம். பிள்ளைகள் எழுந்து நின்று பார்த்தார்கள். வாலு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், மணி அடிக்கும்வரை விடவில்லை. எச்.எம். வந்து தலைகளை எண்ணினார், எண்ணி முடித்துவிட்டு மறுபடி எண்ணினார். காய்கறிக் கடையில் 'சுவரு இன்னும் நிக்குதே' என்றவள் மாலையில் வீட்டுக்கே வந்து அழுதுவிட்டுப் போனாள்.

நான் ஒரு காலையில் ஆசைப்பட்ட மாதிரியேதான் விழுந்தது. பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, முட்டி கழன்ற மாதிரி ஆகிவிட்டது. அம்மாவிடம் சொல், எனக்கும் முட்டி இருக்கிறது என்று.

கொட்டகைச் சுவரில் ஒரு சின்ன விரிசல் இருக்கிறது. யாரும் சொல்லாமலே பிள்ளைகள் துண்டு ஒட்டிவிட்டார்கள். சட்டம் போடும் கடைக்காரர் இதற்கென்றே ஒரு அட்டைப் பெட்டி வைத்திருக்கிறார். அப்பா போட்டோவுக்கும் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. இப்போது பழையபடி போட்டோக்காரனைத்தான் முறைக்கிறார்.

மதிப்பெண் பட்டியலை இத்துடன் வைத்திருக்கிறேன். எல்லோருக்கும் ஐந்து போட நான் சம்மதிக்கவில்லை. வகுப்பிலேயே, பிள்ளைகளை வைத்துக்கொண்டே போட்டேன். மற்ற மூன்று தலைப்பிலும் அவரவருக்கு உரியதைப் போட்டாயிற்று. 'கருவியை உடையாமல் பேணுதல்' என்ற தலைப்புக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. வாலு எழுந்தாள்.

'எனக்கு சீரோ போடும்மா. முதல்ல எனக்குப் போடு.'

போட்டேன். அடுத்தவள் எழுந்து தனக்கும் கேட்டாள். அப்புறம் வரிசையாக ஒவ்வொருவராக எழுந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். வகுப்பு மொத்தத்துக்கும் பூஜ்யம் போட்டிருக்கிறேன், ஒரு முகமும் வாடவில்லை. உன் அதிகாரியிடம் அப்படியே கொடு. சிவப்புப் பேனாவால் அதைத் திருத்தாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அக்கா